வாயில் இருந்தது டொரேனா

மலை ரோட்டில் முதல் கொண்டை ஊசி வளைவின் போர்டு தெரிந்ததுமே அருணா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுபதும் முடிஞ்சதும் எழுப்புங்க சார்."

"பயமா?" என்றார் அர்த்தனாரி, முன் சீட்டிலிருந்து திரும்பாமலே.

"பயமெல்லாம் இல்லீங்க. காலையில தின்ன இட்லி மேல ஒரு பாசம். அது எங்கிட்டயே இருக்கட்டும்னு பாக்குறேன்."

ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டிருந்த ஜெய்லானி மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடியில் இருந்த ரெக்சின் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் என் கணவர் தவ்பீக்கின் பழைய மூச்சுக் கருவி இருந்தது.

தவ்பீக் ஷார்ஜா துறைமுகத்தில் ஒன்பது வருடம் முங்கு வேலை பார்த்தவர். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை. ஊர் திரும்பும்போது ஒரு காற்று சிலிண்டரும், அதிலிருந்து காற்றை அளந்து வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டர் இரண்டும் கொண்டுவந்தார். சேந்தமங்கலத்தில் அதற்கும் வேலை இருந்தது. எண்பது அடிக் கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டால் தண்ணீரை இறைத்து எடுக்க இரண்டு நாள் ஆகும். அவர் அரை மணியில் எடுத்துவிடுவார்.

இரண்டு ரெகுலேட்டரும் ஒரே கம்பெனி. டொரேனா. கடையில் ஏழு கம்பெனிச் சரக்கை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தாராம். ஆறில், தான் மூச்சு விடுவது தனக்கே தெரிந்ததாம். ஏழாவதில் மறந்துபோனதாம். அதைத்தான் வாங்கினார். அதற்குப் பிறகு வேறெதையும் வாயில் வைக்கவில்லை. தேய்ந்த ரப்பரைக்கூட ஷார்ஜாவிலிருந்து கம்பெனி ரப்பர் வரும்வரை காத்திருந்துதான் மாற்றுவார்.

அதை ரெகுலேட்டர் என்றும் சொல்லமாட்டார். எங்கள் ஊரில் ரெகுலேட்டர் என்றால் ஒன்று ஃபேனுக்கு, இல்லையென்றால் கேஸ் அடுப்புக்கு. ஒருமுறை பஸ்ஸில் ஒரு பெரியவர், "அடுப்புச் சாமானையா தம்பி வாயில வெக்கிறே?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதன் பெயர் டொரேனாதான்.

பங்குனி மாதம் மலைமேல் பெரக்கரை நாட்டில் மாதேஸ்வரன் என்பவருடைய கிணற்றில் மோட்டார் எடுக்க இறங்கினார். கயிற்றை அசைத்தார், இழுத்தார்கள். பிணமாக வந்தார். சிலிண்டரில் மாட்டியிருந்த டொரேனாவைப் போலீஸ் கைப்பற்றியது. உள்ளே இருந்த ரப்பர் வட்டம் கிழிந்திருந்தது. அதை முந்தின நாள் பிரித்துத் துடைத்து மாட்டியவன் என் தம்பி பிலால். பஞ்சர் கடை வைத்திருந்தான். என் கணவரின் கம்பெனி ரப்பர் பைத்தியம் அவனுக்குப் பிடிக்காது. பதினைந்து நாள் முன்னால் கடைத்தெருவில் என் கணவரோடு சண்டை போட்டு, "ஒரு நாளைக்கு இந்த டொரேனாவே உங்களைக் கொல்லும் பாருங்க" என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தான்.

அது போதுமாக இருந்தது. ஐந்து மாதமாக ஜெயிலில் இருக்கிறான்.

கணவரை இழந்தவள் என்று நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் அறைக்குள் இருந்தபோது எனக்கும் அவன்மேல் சந்தேகம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் அவன் செய்திருப்பான் என்று தோன்றும். மறுநாள் சே என்று தோன்றும். இத்தா முடிந்த மறுநாளே நாமக்கல் போய் அர்த்தனாரியைப் பார்த்தேன். லாரி விபத்துகளை அளந்து இன்சூரன்சுக்கு ரிப்போர்ட் எழுதி ரிட்டயர் ஆனவர், துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். அருணா அங்கே டைப் அடிக்க வந்தவள். டைப் அடிப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்தாள்.

மலை ஏறிய அன்றைக்கு மறுநாள் காலை கோர்ட்டில் முக்கியமான சாட்சி. குழந்தைசாமி, கிணற்று மேட்டில் கயிறு பிடித்தவர். அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். போலீஸிடம் அவர் சொன்னது ஒரே வரி: வாயில் டொரேனா மாட்டிக்கொண்டு இறங்கினார். அதையே கோர்ட்டிலும் சொன்னால் பிலாலை மறந்துவிட வேண்டியதுதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இருபத்தைந்தாவது வளைவில் அர்த்தனாரி அந்த வாக்குமூல நகலை மறுபடி எடுத்தார்.

"அருணா, நீ மோந்து பாக்குற பவுடர் எந்தக் கம்பெனி?"

"போட்டுக்கிற பவுடர் சார். எங்கூட்டுல எது இருக்குதோ அது."

"படிச்ச பொண்ணு உனக்கே தெரியல. மலைய விட்டு எறங்காத மனுசன், கையெழுத்துக்குப் பெருவெரல் வெக்கிறவரு, வெளிநாட்டுக் கம்பெனி பேரக் கரெக்டா சொல்லியிருக்காரு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அதேதாங்க நானும் சொல்றேன்," என்றார் மச்சான் உடனே. ஜெய்லானி என் கணவருக்கு அண்ணன். சேந்தமங்கலத்தில் பைப், மோட்டார் சாமான் விற்கும் கடை. என் இத்தா முழுவதும் வீட்டுக்கு அரிசியும் காய்கறியும் வந்தது அவர் கையிலிருந்துதான். இன்று தனியாகப் போகவேண்டாம் என்று வண்டியையும் அவரே எடுத்திருந்தார். "மாதேஸ்வரன் கரண்ட அணைக்காமயே எறக்கி உட்டிருப்பான். ஷாக் அடிச்சிருக்கும். பழி டொரேனா மேல போகட்டும்னு அந்தக் கெழவனுக்குப் பாடம் நடத்தியிருப்பான்."

"அன்னைக்கு நீங்க எங்கிருந்தீங்க?"

"கடையில. போன் வந்துச்சு, அப்புறந்தான் ஓடியாந்தேன்."

அருணா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "உங்க கடையில டொரேனா கெடைக்குங்களா?"

"நம்மகிட்ட அந்த யாவாரமே இல்லம்மா."

அது சரிதான். முன்பு கடை வாசலில் மார்வெக் என்று ஒரு மஞ்சள் போர்டு இருந்தது. முங்கு கருவி ஏஜென்சி. தன் தம்பி இறந்த வாரமே மச்சான் அதைக் கழற்றிவிட்டார். "அவனே போயிட்டான், இனி எதுக்கு?" என்று அவர் வாசலில் நின்று சொன்னது கதவுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. அன்று நான் நிறைய அழுதேன்.

பெரக்கரை நாட்டுக்குள் நுழைந்து, கிணற்றுக்குப் போகும் மண் ரோட்டின் முனையில் மச்சான் வண்டியை நிறுத்தினார்.

"இதுக்கு மேல வண்டி போவாது. நடந்தே போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறேன். அந்தக் கெணத்தப் பாக்க எனக்கு மனசு வராது ரோஷம்மா."

இருபது அடி நடந்திருப்போம். எதிரே குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம்.

"லாரி வர்ற ரோட்டுல ஆம்னி போவாதாமா சார்?" என்றாள் அருணா.

"உஷ்," என்றார் அர்த்தனாரி. ஆனால் நின்று, லாரியின் டயர்த் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.

குழந்தைசாமி வீட்டு முன்னால் சாக்கில் மிளகு காய்ந்தது. அவருக்கு அறுபது இருக்கும். என்னைப் பார்த்ததும் யாரென்று புரிந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி சென்னம்மாள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அர்த்தனாரி சுற்றி வளைக்கவில்லை. "ஏனுங்க, அன்னைக்கு அவரு வாயில என்ன இருந்துச்சு?"

"டொரேனாங்க."

"அந்தப் பேரு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"அவருதானுங்க."

"யாரு, மாதேஸ்வரனா?"

"இல்லீங்க. இந்த அம்மிணி ஊட்டுக்காரரு. வாரப்பெல்லாம் சொல்லுவாருங்க. கொழந்தசாமி, டொரேனா இல்லாம தண்ணிக்குள்ள மனுசன் இல்லைன்னு."

அது அவர் குரல்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அர்த்தனாரியின் முகத்தில் ஏமாற்றம். ஒருத்தரும் பாடம் நடத்தவில்லை, இறந்தவரே நடத்தியிருக்கிறார். நாளைக்கு இந்தக் கிழவர் இதே வார்த்தையை இதே முகத்தோடு சொல்வார், எந்த நீதிபதியும் நம்புவார்.

சென்னம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழுவாத கண்ணு. எங்கையனும் அப்புடித்தான் போனாரு. மூச்சு எளப்பு வந்து கீழ ஆஸ்பத்திரியில போட்டோம். ரெண்டு நாளு டொரேனா வெச்சுப் பாத்தாங்க. நிக்கல."

அருணா தண்ணீர்ச் சொம்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில என்ன வெச்சாங்க?"

"டொரேனாதான். மூக்கையும் வாயையும் சேத்தி மூடி, ரப்பர் குழாயெல்லாம் போட்டு."

"அப்ப காப்பிச் செடிக்கு மருந்தடிக்கையில மூஞ்சியில ஒண்ணு கட்டுவாங்களே, அது?"

"அதும் டொரேனாதான் கண்ணு. சின்ன டொரேனா."

அருணா திரும்பினாள். "சார், இந்த மலையில மூக்கு மேல எது ஒக்காந்தாலும் டொரேனாதான். நான் மூக்குத்தி போட்டிருந்தா அதும் இந்நேரம் டொரேனா ஆயிருக்கும்."

அர்த்தனாரி வாக்குமூல நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "ரோஷன் பேகம், அந்தப் பையத் திறங்க."

போலீஸ் எடுக்காத இன்னொரு கறுப்பு டொரேனாவை எடுத்துச் சாக்கின் ஓரத்தில் வைத்தேன். குழந்தைசாமி குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"இது என்னங்க?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"டொரேனாங்க. எப்பவும் இதைத்தான் வெப்பாரு."

"அன்னைக்கும் இதேதானா?"

"இல்லீங்க. அன்னைக்கு வெச்சது மஞ்ச டொரேனாங்க."

எங்கோ ஒரு கோழி கத்திக்கொண்டே இருந்தது. டொரேனாவில் மஞ்சள் கிடையாது. கறுப்பு ஒன்றுதான். அதற்காகவும் அவருக்கு அதைப் பிடிக்கும்.

"இத ஏனுங்க போலீஸ்ல சொல்லல?"

"வாயில என்னன்னு கேட்டாங்க. டொரேனான்னேன். எழுதிக்கிட்டாங்க. கலரு கேக்கலீங்களே."

"மஞ்சள யாரு குடுத்தது?"

"அவங்கண்ணன்தானுங்க. இவரும் அவரும் ஒரே வண்டியிலதானுங்க வந்தாங்க. படம் புடிக்கோணும், கடையில மாட்டோணும்னு கேமரா வெச்சிருந்தாரு. இவரு அத வாயில வெச்சு ஒரு இழுப்பு இழுத்துட்டு, கல்ல உறிஞ்சற மாதிரி இருக்குதுண்ணே, வேண்டாம்னாரு. ஒரே ஒரு தடவ, எனக்காகடான்னாரு அண்ணன். இவரு சிரிச்சாரு. செரின்னுட்டு எறங்குனாரு."

நான் கையை மிளகின்மேல் ஊன்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஏழு கம்பெனியில் ஆறைத் தள்ளியவர். ஷார்ஜா ரப்பருக்காக மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தவர். அண்ணன் கேட்டார் என்று இறங்கியிருக்கிறார்.

"மேல தூக்குனதுக்கு அப்புறம்?" அர்த்தனாரியின் குரல் மெதுவாகியிருந்தது.

"மாதேஸ்வரன் போன் பண்ண ஓடிட்டாருங்க. நான் இவரு காலத் தேச்சுக்கிட்டு இருந்தேன், சூடு வருமான்னு. அண்ணன்காரரு மஞ்சளக் கழட்டிட்டுக் கறுப்ப மாட்டுனாரு. கத்தி கேட்டாரு. கெழங்கு வெட்டுற கத்தியக் குடுத்தேன். எதுக்குன்னு பாக்கலீங்க. மஞ்சளக் கெணத்துலயே போட்டுரு, அது ராசியில்லாததுன்னாரு."

"போட்டுட்டீங்களா?"

குழந்தைசாமி முதல்முறையாகக் கொஞ்சம் கோபப்பட்டார். "நாங்க குடிக்கிற தண்ணிங்க அது. செத்தவரு வாயில இருந்தத அதுல எப்புடிப் போடறது? மரத்துல மாட்டி வெச்சேன். அவங்க சாமான், எப்பனாச்சும் வந்து எடுத்துக்குவாங்கன்னுதான்."

வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. மூன்றாவது மரத்தில், ஆள் உயரத்துக்குமேல் கொடியை விலக்கிக் காட்டினார். மஞ்சளாக ஒன்று தொங்கியது. ஐந்து மாத மழையும் வெயிலும் பட்டு, பெயிண்ட் பத்தை பத்தையாக உரிந்திருந்தது.

அர்த்தனாரி கைக்குட்டையால் அதை இறக்கி, உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். கீழே வேறொரு பழைய பெயிண்ட். அதற்குக் கீழே துரு.

"லாரியில இந்த வேலைய நெறையப் பாத்திருக்கேன். புதுசுன்னு வித்திருக்காங்க, ஆனா இது எந்தக் கப்பல ஒடச்சப்ப வந்த சாமானோ. உங்க மச்சானுக்கு இது தெரியாம இருந்திருக்காது. கறுப்போட ரப்பர அறுத்ததும் இத மறைக்கத்தான்."

"அப்ப பிலால் வந்துருவானா?" என்று கேட்டேன்.

"உடனே இல்லம்மா. மஞ்சள நாமளே மரத்துல மாட்டுனோம்பாங்க. இவர நாமளே பேச வெச்சோம்பாங்க. நேத்து டொரேனா, இன்னைக்கு மஞ்ச டொரேனா, நாளைக்கு என்ன கலருன்னு அந்தப் பக்க வக்கீல் கேப்பாரு."

"படம் புடிச்சாராமே சார்," என்றாள் அருணா. "படம் எங்க?"

அர்த்தனாரி அவளைப் பார்த்தார். "இருந்தா கடையில இருக்கும், இல்லாட்டி ஊட்டுல. நம்மளுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்ச நிமிசம் அது அடுப்புக்குப் போயிரும். அதனால கீழ போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தரும் எதையும் காட்டிக்கக் கூடாது. கேட்டா, டொரேனான்னுதான் சொன்னாருன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல."

"எழுபது வளைவு, அவரு கையில ஸ்டியரிங்," என்றாள் அருணா. "நான் இட்லிய மறந்துட்டேன் சார். இப்ப உசுரு மேலதான் பாசம்."

மஞ்சளைக் கறுப்போடு சேர்த்து என் ரெக்சின் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்கள். அதை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மச்சான் வண்டிக்கு வெளியே நின்றிருந்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன சொன்னான்?"

"டொரேனான்னுதான் சொன்னாரு," என்றேன்.

அவர் தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்துவிட்டார். எனக்காக வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து நீட்டினார்.

"சாப்புடு ரோஷம்மா. காலையிலருந்து ஒண்ணும் திங்கல நீ. பிலாலப் பத்திக் கவலப்படாத. தண்டனை வந்தாலும் பெரிய கோர்ட்டுக்குப் போவலாம். நல்ல வக்கீலா நானே பாக்கறேன். அவன் எனக்கும் தம்பிதான்."

நான் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பை மடியில் கனத்தது. அவர் சாவியைப் போட்டார், இன்னும் திருப்பவில்லை. அர்த்தனாரி சொன்னது எல்லாம் நினைவிருந்தது.

"மச்சான், அவரு படம் ஒண்ணு வேணும்."

"எந்தப் படம்?"

"கடைசியா எடுத்தது."

அர்த்தனாரி முன் சீட்டில் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். அருணாவின் விரல்கள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தின.

"ஊட்டுல நெறைய இருக்குதே," என்றார் மச்சான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "நிக்காஹ் படம், ஷார்ஜாவுல எடுத்தது…"

"கெணத்து மேட்டுல எடுத்தது இல்ல."

அவர் திரும்பவில்லை. மேலே போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதன் சத்தம் அடங்கியபின்னும் அவர் சாவியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. இப்போது வண்டி கிளம்பினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அருணாவும் அதைத்தான் நினைத்திருப்பாள், என் முழங்கையை இன்னும் விடவில்லை.

"வாயில வெக்கிறதுக்கு முந்தி ஒண்ணு எடுத்தேன்," என்றார். "சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னான். அப்புறம் வெச்சுக்கிட்டு ஒண்ணு." நிறுத்தினார். "பிலிமக் கழுவக் குடுக்க முடியல ரோஷம்மா. ரெண்டு மூணு தடவ ஸ்டூடியோ வாசல் வரைக்கும் போனேன். தூக்கி எறியவும் கை வரல."

"ரோல் எங்க இருக்குது?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"கேமராவுலயே. கடையில, மேல் அடுக்குல."

அருணா இறங்கிச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் கதவுக்கு வந்து கையை நீட்டினாள். அவர் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். இறங்கி, பின்பக்கம் வந்து, என்னருகே உட்காராமல் கடைசி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தார். பிலால் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார் அர்த்தனாரி.

"லைசென்ஸ் இருக்குது சார். அதுக்கு மேல கேக்காதீங்க." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாமக்கல் ஸ்டூடியோ எட்டு மணிக்கு மூடிருவாங்க. நடுவுல கடையில நிக்கோணும். புடிச்சுரலாம்." வண்டியைக் கிளப்பி, முதல் திருப்பத்துக்கு முன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தன காப்பி போடச் சொல்லட்டுங்க்கா?"

"சிரிக்கிறது ஒண்ணு," என்றேன். "இன்னொண்ணு கோர்ட்டுக்கு."